"சும்மா சாம்பிள் எடுக்கோம்"னு ஊருக்குள்ள ஆள் வந்தா: கனிம ஆய்வோட பாதிப்பை நாமளே கணக்கு எடுக்கிறது எப்படி

காலையில ஒரு ஜீப் வரும், நாலு பேரு இறங்குவாங்க, கையில ஜிபிஎஸ், சாக்குப்பை, மண்வெட்டி. என்ன ஏதுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா சாம்பிள் எடுக்கோம், ஆய்வுதான்"னு சொல்லுவாங்க. அது பொய்யும் கெடையாது, ரெண்டு சாக்கு மண்ணை அள்ளிட்டுப் போறதுனால ஊரு ஒண்ணும் கெட்டுப்போயிராது. ஆனா அந்த ஆய்வு எந்தப் படியில நிக்கு, யாரு பேர்ல நடக்கு, இதுக்கு அடுத்து என்ன வரும்னு தெரியாம விட்டுட்டா, பின்னாடி கலெக்டர் ஆபீஸ்ல போய் நிக்கும்போது நம்ம கையில ஒரு துண்டுப் பேப்பர் கூட இருக்காது. அந்தப் பேப்பரை எப்படித் தயார் பண்ணுறதுன்னுதான் இங்க சொல்லுதேன். ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து ஆளுகளை மனசுல வச்சு எழுதுதேன், மத்த ஊர்க்காரங்களும் எடுத்துக்கிடலாம்.

முதல்ல ஆய்வுன்னா எந்த ஆய்வுன்னு பாருங்க. நாலு படி உண்டு, ஜி4-ல ஆரம்பிச்சு ஜி1 வரைக்கும். ஜி4 மேலோட்டம், பாறையைப் பாக்கது, ஓடை மண்ணை எடுக்கது. ஜி3-ல தூரம் தூரமா துளை. ஜி2, ஜி1 வரும்போது துளைகள் நெருங்கி வரும், எவ்வளவு டன் இருக்குன்னு கணக்குப் போட்டுருவாங்க. இந்திய புவியியல் ஆய்வு மையம் மாதிரி அரசு நிறுவனம் மேலோட்டமா சர்வே பண்ணுறதுக்கெல்லாம் பதறவே வேண்டாம், நாடு பூரா காலங்காலமா நடக்குற வேலைதான் அது, அந்த ரிப்போர்ட்டுல நம்மளுக்கே உபயோகமான நிலத்தடி விவரமும் கிடைக்கும். பாக்க வேண்டியது ஏலம் விட்டு 'கூட்டு உரிமம்'னு கொடுப்பாங்க பாருங்க, அதை. அதுல ஆய்வு உரிமமும் சுரங்கக் குத்தகையும் ஒண்ணாச் சேந்தே இருக்கு, ஏலம் எடுத்தவர் ஆய்வை முடிச்சுச் சரக்கு இருக்குன்னு காட்டிட்டா அடுத்தது குத்தகைதான். அப்படி ஒரு உரிமத்தோட வந்து நின்னுகிட்டு "வெறும் ஆய்வு"ன்னு சொன்னா அது பாதிக் கதை.

வடக்க மதுரை மேலூர் பக்கம் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், 2015.51 ஹெக்டேர், 2024 நவம்பர்ல ஏலம் எடுத்தது யாருன்னு அறிவிப்பு வந்துச்சு. அந்த எல்லைக்குள்ளயே அரிட்டாபட்டி பல்லுயிர் பாரம்பரியத் தலமும் கிடந்துச்சு, 2022-ல தமிழ்நாடு அரசே அறிவிச்ச இடம். அந்த ஊர்க்காரங்க 'சுரங்கம் வரட்டும், கருத்துக்கேட்புக் கூட்டத்துல பாத்துக்கிடலாம்'னு உக்காந்திருக்கல. கிராம சபைத் தீர்மானம் போட்டாங்க, மதுரைக்கு நடந்தே போனாங்க, டிசம்பர்ல சட்டமன்றத்துலயும் தீர்மானம் வந்துச்சு, 2025 ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தையே ரத்து பண்ணிருச்சு. ஏலம் எடுத்த கம்பெனி ஒரு துளை கூட போடுறதுக்கு முன்னாடியே முடிஞ்ச கதை அது.

ஏன் அவ்வளவு சீக்கிரம் இறங்கணும்னு கேட்டா, சட்டம் அப்படி இருக்கு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி சுரங்கத்துக்குத்தான் முன் அனுமதி வேணும், கனிமத் தேடலுக்கு விலக்கு கொடுத்தாச்சு. 2023-ல வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தும்போது காட்டுக்குள்ள பண்ணுற ஆய்வுக்கும் வழி திறந்துட்டாங்க. 2025 செப்டம்பர்ல இன்னொண்ணு, அணுக் கனிமம், முக்கியக் கனிமம்னு பட்டியல்ல இருக்குற சரக்குன்னா சுரங்கத்துக்கே மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அலுவலகக் குறிப்பு போட்டுச்சு, தமிழ்நாடு முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நம்ம தேரியிலயும் (செம்மணல் மேடு) கடற்கரையிலயும் என்ன கிடக்கு? இல்மனைட்டு, கார்னெட்டு, சிர்கான், மோனசைட்டு. இதுல முக்காவாசியும் அந்தப் பட்டியலுக்குள்ள வந்துரும். ஆக கூட்டம் வரும், அங்க மைக்ல பேசிக்கிடலாம்னு நம்பிகிட்டு இருந்தா கூட்டமே வராமப் போகலாம்.

இதே ஆய்வுக் கட்டத்தை வேற நாட்டுல எப்படிப் பாக்காங்கன்னு சொல்லுதேன். கனடாவுல வடக்க, ஆர்க்டிக் பக்கம், மெக்கன்சி பள்ளத்தாக்குன்னு ஒரு ஏரியா. அங்க 1998-ல வந்த சட்டப்படி நாலு துளை போடுற ஆய்வா இருந்தாக்கூட முன்சோதனை உண்டு. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு வரலாம்னு தோணினாலும் சரி, மக்களுக்குள்ள கவலை இருக்குன்னாலும் சரி, முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். ஸ்கிரீச் ஏரி பக்கம் யுரேனியம் தேடத் துளை போடணும்னு ஒரு கம்பெனி கேட்டுச்சு. அங்கத்த டெனே பழங்குடி மக்கள் இது எங்களுக்குப் புனிதமான இடம்னாங்க, 2007-ல மறுஆய்வு வாரியம் கலாச்சார பாதிப்பைக் காரணம் காட்டியே வேண்டாம்னு பரிந்துரைச்சுது, அமைச்சரும் ஏத்துக்கிட்டாரு. நம்மூர்ல அப்படி ஒரு வாரியம் ஆய்வுக் கட்டத்துல இல்ல. அந்த வாரியம் கேக்குற கேள்விகளை நாமதான் கேட்டு, நாமதான் பதில் எழுதி வைக்கணும்.

சரி, வேலைக்கு வருவோம்.

எல்லையைக் கண்டுபிடிங்க

வந்தவங்கிட்ட சண்டைக்குப் போவாதீங்க. வண்டியை மறிச்சு ஒரு எஃப்ஐஆர் விழுந்துட்டா அதுக்கப்புறம் ஊரு பூரா அதைப்பத்தித்தான் பேசும், கிணத்தைப்பத்தி எவனும் பேசமாட்டான். ஆணை நகலைக் கேளுங்க, போன்ல படம் எடுத்துக்கிடுங்க. எந்த நிறுவனம், எந்த பிளாக், எந்தக் கனிமம், எத்தனை துளை, எவ்வளவு ஆழம். தரலைன்னா விஏஓ, அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற கனிமவளத்துறை, அங்கயும் இழுத்தாங்கன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. 30 நாள்ல பதில் வரணும்.

பிளாக்கோட மூலைப் புள்ளிகள் ஏல ஆவணத்துல அட்சரேகை தீர்க்கரேகையோட இருக்கும். அதைக் கூகுள் எர்த்துல போட்டீங்கன்னா நம்ம ஊரு மேல ஒரு கட்டம் விழும். அதுக்குள்ள என்னென்ன சர்வே நம்பர் வருதுன்னு அ-பதிவேட்டையும் (ஊர் நிலப் பதிவு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வச்சு ஒண்ணொண்ணா எழுதுங்க. சலிப்புப் பிடிச்ச வேலைதான், ஊர்ல காலேஜ் படிக்கிற பிள்ளைய நாலு பேரு உக்காந்தா முடிச்சிரும். இதுல ஒரு விஷயம் கவனிங்க. கட்டத்துக்குள்ள பாதிக்கு மேல 'தரிசு', 'மேய்க்கால் புறம்போக்கு', 'ஓடை'ன்னுதான் வரும். ரிப்போர்ட் எழுதுறவனுக்கு அது யாருக்கும் வேண்டாத நிலம். நமக்குத் தெரியும் அங்கன யாரு ஆடு மேய்க்கா, யாரு விறகு பொறுக்குதா, எந்தப் பனை யாரு ஏறுறதுன்னு. அந்த நம்பருக்கு நேரா அதை எழுதுங்க. பட்டா இல்லைன்னா உபயோகம் இல்லைன்னு ஆயிராது.

தண்ணி, இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும்

பயன்பாட்டுல இருக்குற திறந்த கிணறு எல்லாத்துக்கும் ஒரு நம்பர் கொடுங்க. கிணத்துச் சுவரு மேல பெயிண்ட்ல ஒரு அடையாளம், எப்பவும் அந்த இடத்துல இருந்துதான் அளக்கணும், ஆளுக்கு ஒரு இடத்துல இருந்து அளந்தா கணக்கு நிக்காது. கயித்து நுனியில கல்லைக் கட்டி இறக்கி, நனைஞ்ச இடம் வரைக்கும் கழிச்சுட்டு டேப்ல அளந்தா போதும். காலையில மோட்டார் போடுறதுக்கு முன்னாடி. மே கடைசியில ஒருக்க, தைப் பொங்கலை ஒட்டி ஒருக்க. கூடவே தோட்டக்காரரு கிட்ட ரெண்டு கேள்வி: எத்தனை மணி நேரம் ஓடினா தண்ணி வத்துது, திரும்ப ஊற எவ்வளவு நேரம் ஆகுது. அளவு டேப்பைக் காட்டிலும் இந்தப் பதில் சில நேரம் தெளிவா இருக்கும், ஏன்னா அவரு அதை வருஷக்கணக்கா பாத்துகிட்டு இருக்காரு. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற கருவி) ஆன்லைன்ல கொஞ்ச விலைக்கே கிடைக்கும், அந்த எண்ணையும் எழுதுங்க. முக்கியமான கிணறு நாலஞ்சுக்கு மட்டும் குடிநீர் வடிகால் வாரிய லேப்ல காசு கட்டி முறையா டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை வச்சிக்கிடுங்க, ஏன்னா மீட்டரைப் பாத்து நாம எழுதினதை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிஷத்துல ஓரங்கட்டிருவாரு, லேப் சீல் இருந்தா முடியாது.

சீசன் விஷயம் ரொம்ப முக்கியம். நாளைக்கு சுரங்கத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும்போது மழைக்காலம் இல்லாத ஒரு சீசன் தரவு போதும்னு விதி. அகில இந்தியாவுக்கும் பொதுவா வச்சிருக்குற மாதிரிப் படிவத்துல அக்டோபர் டூ டிசம்பர் 'மழைக்குப் பிந்தைய காலம்'னு போட்டிருக்கும். டெல்லிக்கு சரி, நமக்கு? ஐப்பசி கார்த்திகையிலதான் நமக்கு மழையே. அப்படி இல்லாம மார்ச் டூ மே எடுத்தாங்கன்னா ஓடை காஞ்சு கிடக்கும், குளம் வெடிச்சுக் கிடக்கும், 'இப்பகுதியில் நீர்நிலைகள் இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அதனால ஓடையில தண்ணி ஓடும்போது வீடியோ எடுத்து வைங்க, தேதியும் இடமும் தெரியுற மாதிரி.

இன்னொண்ணு, அறிக்கையில எல்லையைச் சுத்தி 10 கிலோமீட்டர் வட்டம் போடுவாங்க. தண்ணிக்கு வட்டம் தெரியாது. நம்ம குளமெல்லாம் சங்கிலி, மேற்க இருக்குற குளம் நிறைஞ்சு மறுகால் (மிச்சத் தண்ணி வெளியேறுற வழி) பாஞ்சாத்தான் கிழக்க அடுத்த குளத்துக்கு வரத்து. ஆய்வு எல்லைக்குள்ள ஒரு வரத்துக்கால் மேல துளை போடுற ரிக் வண்டிக்கு ரோடு போட்டு மண்ணைக் கொட்டிட்டாங்கன்னா, வட்டத்துக்கு வெளிய இருக்குற ஊர்ல நெல்லு காயும். எந்தக் குளம் எதுக்கு மறுகால்னு மடை பாக்குற பெரியவங்க கிட்ட கேட்டு ஒரு படம் வரைங்க.

திசையன்விளை பக்கத்து ஆளுகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. 2021 கடைசியில ஆயன்குளம் படுகைக் கிணத்துக்குள்ள வெள்ளத் தண்ணி வாரக்கணக்குல போய்கிட்டே இருந்தும் கிணறு நிறையல, ஐஐடி சென்னைக்காரங்க வந்து பாத்துட்டு அடியில சுண்ணாம்புப் பாறை கரைஞ்சு குகை மாதிரி ஓட்டம் இருக்குன்னு சொன்னாங்க. ஊரே வேடிக்கை பாத்துச்சு, டிவியில எல்லாம் வந்துச்சு. அப்படிப்பட்ட நிலத்துல துளை போடுறது சாதாரணக் கருங்கல் பாறையில போடுற மாதிரி கெடையாது. துளைக்குள்ள விடுற சேறும் எண்ணெயும் எந்தக் கிணத்துல போய்க் கிளம்பும்னு மேல நின்னு பாத்துச் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துல ஆய்வு வந்துதுன்னா நிலத்தடி ஓட்டத்தை முதல்ல பாருங்க, அப்புறம் துளை போடுங்கன்னு எழுத்துல கேக்கலாம், அதுக்கு நியாயம் இருக்கு.

துளை போடும்போது எதைப் பாக்கணும்

வைர பிட் வச்சு பாறையை உருளை உருளையா எடுப்பாங்க. அதுக்குத் தண்ணி நிறைய வேணும், தண்ணியில பெண்டோனைட்டுக் களி கலப்பாங்க. அந்தத் தண்ணி எங்கருந்து எடுக்காங்க, யாரு கிணறு, எத்தனை லாரி? கழிவுச் சேத்துக்குக் குழி வெட்டினாங்களா, ஷீட்டு விரிச்சாங்களா, இல்ல ஓடையில திறந்து விட்டுட்டாங்களா? டீசல் எங்க வச்சிருக்காங்க? வேலை முடிஞ்சதும் துளையை அடியில இருந்து மேல வரைக்கும் சிமெண்ட் போட்டு அடைச்சாங்களா, இல்ல வாயில மட்டும் ஒரு மூடியா? மேல் ஊத்தும் ஆழத்து ஊத்தும் அந்தத் துளை வழியா கலந்துருச்சுன்னா நல்ல தண்ணி உப்பாகிரும், கடற்கரையை ஒட்டின ஊர்கள்ல இதுக்கு ரொம்பப் பயப்படணும். மூடாம விட்ட துளையில ஆட்டுக்குட்டி விழும், பிள்ளை விழும், அதைச் சொல்லித் தெரியணும்னு இல்ல. தேரியோ கடற்கரையோன்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கதிர்வீச்சு அளவு எடுத்து ஊருக்குக் கொடுக்கச் சொல்லுங்க, மோனசைட்டுல தோரியம் இருக்கு, பின்னாடி யாராவது 'இயற்கையிலயே இவ்வளவு இருந்துச்சு'ன்னு சொன்னா நம்ம கையில பழைய எண் வேணும்.

இழப்பீடு பத்தி நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கு. 1957 கனிமச் சட்டத்துல 24-ஏ. உரிமக்காரர் நிலத்துக்குள்ள வரலாம், ஆனா வீடு, வீட்டோட சேந்த அடைப்பு, தோட்டம்னா குடியிருக்குறவர் சம்மதிக்கணும், இல்லைன்னா 7 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். நஷ்டம் ஆனா நிலத்தை அனுபவிக்கிறவருக்கு இழப்பீடு. அனுபவிக்கிறவர்னுதான் இருக்கு, பட்டாதாரர்னு இல்ல, ஆக குத்தகைக்கு உழுறவரும் வாய்விட்டுக் கேக்கலாம். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சிருக்காங்க, ரோடு போடுறேன்னு சாய்ச்சிரப்போறாங்க, எண்ணி வச்சிக்கிடுங்க.

ஆளுகளோட கணக்கு

வீடு வீடா போகணும், ஊர்ப் பெரியவங்க நாலு பேரு கிட்ட மட்டும் கேட்டுட்டு வந்துட்டா அது ஊரு கணக்கு ஆகாது. பெண்கள் கிட்ட தனியா கேளுங்க, தண்ணி எங்க எடுக்காங்க, எவ்வளவு தூரம் நடக்காங்க, நூறு நாள் வேலை எங்க நடக்கு. மாசியில இருந்து ஆடி வரைக்கும் பனை ஏறுற குடும்பம், பதனி காய்ச்சுற விடிலி, கருப்பட்டி வியாபாரம். அறுப்பு முடிஞ்சதும் கிடை போட வெளியூர்ல இருந்து வாரவங்க. உவரி, கூட்டப்புளி பக்கம்னா கட்டுமரம் ஏத்துற இடம், வலை காயப்போடுற இடம், ஆமை முட்டை போடுற இடம். இவங்க யாரும் சர்வே வண்டி வார நாள்ல அங்கன இருக்கமாட்டாங்க.

அப்புறம் சாமி. பங்குனி உத்திரத்துக்கு சென்னை, மும்பையில இருந்தெல்லாம் வண்டி பிடிச்சு சாஸ்தா கோயிலுக்கு வாரோம்லா, அந்தக் கோயில்ல பாதி ஊருக்குள்ள இல்ல, காட்டுக்குள்ளயும் குளத்தங்கரையிலயும் தேரிக்குள்ளயும்தான் இருக்கு. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில்ல கள்ளர்வெட்டு அன்னைக்கு நிக்கிற கூட்டத்தையும், சாதாரண செவ்வாக்கிழமை அங்க இருக்குற ஆளையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஜனத்தொகைக் கணக்குல அந்த இடத்துக்கு ஆளே கெடையாது. குலதெய்வம் எந்த சர்வே நம்பர்ல இருக்கு, எத்தனை ஊர்க் குடும்பம் வரி கொடுக்கு, எந்த ஓடைத் தண்ணியில பொங்கல் வைக்காங்கன்னு எழுதுங்க, சுடலைமாடன் பீடம் ஒண்ணு தனியா நின்னாலும் அதையும் எழுதுங்க. கனடாவுல ஏத்துக்கிட்ட வாதம் இதுதான்லா.

வேலை கிடைக்கும்னு சொல்லுவாங்க. எத்தனை பேருக்கு, எத்தனை மாசத்துக்கு, என்ன சம்பளம்னு எழுத்துல கேளுங்க. ஆய்வுக் கட்டத்துல வாட்ச்மேன், சமையல், மண் சுமக்க ஆளு, நாலஞ்சு வாடகை வண்டி, அவ்வளவுதான் இருக்கும். வண்டி வாடகைக்கு விட்டவரு ஒரு பக்கம், கிணறு போனவரு ஒரு பக்கம்னு ஊரு ரெண்டாகுறது ஆய்வுக் கட்டத்துலயே ஆரம்பிச்சிரும், இதையும் ஒரு பாதிப்பாவே நான் பாக்கேன். ஏற்கெனவே ஊருல இருக்குற பாதிப்பையும் சேருங்க. கைவிட்ட கல்குவாரிக் குழி எத்தனை, வெடியில விரிஞ்ச சுவரு எத்தனை. 2022-ல அடைமிதிப்பான்குளம் குவாரியில பாறை சரிஞ்சு ஆளுக செத்ததுக்குப் பிறகும் புது அறிக்கைகள்ல சுத்தி இருக்குற பழைய குழியைச் சேத்துக் கணக்குப் போடுறதை அவங்களா செய்வாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

கிராம சபையும் கருத்துக்கேட்பும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு கிராம சபை. 'சுரங்கம் வேண்டாம்'னு ஒத்த வரியில தீர்மானம் போடாதீங்க. சர்வே நம்பர், கிணத்து எண்ணிக்கை, வரத்துக்கால், கோயில், மேய்ச்சல், எல்லாத்தையும் உள்ள வச்சு, துளையை அடைக்கிற திட்டத்தையும் தண்ணிக் கணக்கையும் ஊருக்குக் கொடுக்காம வேலை ஆரம்பிக்கக்கூடாதுன்னு போடுங்க. நம்ம பக்கம் கிராம சபைக்குத் தடுத்து நிறுத்துற அதிகாரம் கெடையாது, ஆனா நாளைக்கு கோர்ட்டுல அது ஆவணம். நகல் வாங்காம வீட்டுக்குப் போவாதீங்க.

கருத்துக்கேட்புக் கூட்டம் வரக்கூடிய கனிமம்னா, 30 நாள் முன்னாடி பேப்பர்ல அறிவிப்பு, அறிக்கைச் சுருக்கம் தமிழ்ல, இது ரெண்டும் கட்டாயம். கூட்டத்துக்கு இத்தனை பேரு வரணும்னு குறைந்தபட்ச எண்ணிக்கை கெடையாது, அதனால 'புறக்கணிக்கிறோம்'னு வெளிய நின்னீங்கன்னா கூட்டம் நடந்ததாவே கணக்கு. உள்ள போய் பேசுங்க, பேசுனதை எழுத்தாவும் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. கடைசியில நடவடிக்கைக் குறிப்பைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணும், அன்னைக்கே கையெழுத்து ஆகணும், நாம சொன்னது விட்டுப்போச்சுன்னா அங்கனயே எந்திரிச்சுச் சொல்லணும். அறிக்கையைப் புரட்டும்போது முதல்ல தரவு எடுத்த தேதி, அப்புறம் சாம்பிள் எடுத்த இடம், அப்புறம் உயிரினப் பட்டியல். மயிலு கத்தாத ஊரு நம்ம பக்கம் எது? பட்டியல்ல மயில் இல்லைன்னா மத்ததையும் சந்தேகப்படுங்க. கூந்தன்குளமோ கங்கைகொண்டான் மான் சரணாலயமோ பக்கத்துல இருந்தா தூரத்தை நீங்களே மேப்புல அளந்து பாருங்க.

அனுமதி கொடுத்துட்டாங்கன்னா பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு 30 நாளுக்குள்ள, தக்க காரணம் இருந்தா மேற்கொண்டு 60 நாள் வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் எடுக்கமாட்டாங்க. அதனால பரிவேஷ் தளத்தை (சுற்றுச்சூழல் அனுமதி விவரம் வர்ற மத்திய அரசு இணையதளம்) வாராவாரம் ஒருத்தர் பாக்குற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிடுங்க, வெளியூர்ல ஐடியில இருக்குற பிள்ளைய கிட்ட இந்தப் பொறுப்பை விடலாம். கிணத்து ரிஜிஸ்டரை ஸ்கேன் பண்ணி அவங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பிருங்க, ஒரிஜினலை ஊர்ல ஒரே ஆள் வீட்டுல மட்டும் வைக்காதீங்க.